"பேர்ட் ப்ளூ" என்னும் ஆங்கிலப் பெயரின் பொருளும் வழக்கும்

கோழி, வாத்து முதலியவை ஓரிடத்தில் கூட்டமாக மடிந்தன என்று பத்திரிகைகளில் செய்தி வந்தவுடனே "பேர்ட் ப்ளூ" என்னும் ஆங்கிலப் பெயர் குக்கிராமங்களிலும் அடிபடத் தொடங்குகின்றது. அதனை நாம் "பறவைக் காய்ச்சல்" என்று தமிழில் வழங்கி வருகிறோம். பெயர் எளிதாக இருப்பதால் அதன் பொருளும் எளிதென்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால், பத்திரிகையில் ஒரு பெயரும், சர்க்கார் சுற்றறிக்கையில் வேறொரு பெயரும், பரிசோதனைச்சாலையின் முடிவில் எழுத்தும் எண்ணும் கலந்த மற்றொரு பெயரும் காணப்படுகின்றன. இவை ஒன்றா, வெவ்வேறா என்று அறியாமையால் சிலர் வீணே பீதி கொண்டு நல்ல கோழிகளை அரை விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வேறு சிலர் எச்சரிக்கையாய் இருக்கவேண்டிய வேளையில் வாளாவிருந்து, தம் பண்ணையோடு அண்டை அயலார் பண்ணைகளுக்கும் கேடு விளைக்கிறார்கள். ஆகவே இப்பெயர் ஆங்கிலத்தில் எவ்வாறு உண்டாயிற்று, எவ்வெப்பொருள்களில் வழங்குகின்றது என்பதைக் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் நலம்.

"ப்ளூ" என்பது தனிச்சொல் அன்று. "இன்ப்ளுயன்ஸா" என்னும் சொல்லின் சிதைவு. அச்சொல்லும் ஆங்கிலத்துக்கு உரியதன்று. இத்தாலிய மொழியில் அதற்கு "ஆதிக்கம்" என்று பொருள். நட்சத்திரங்களின் ஆதிக்கத்தால் ஊரெங்கும் ஒரே சமயத்தில் நோய் பரவுகின்றது என்று முற்காலத்தில் அந்நாட்டார் நம்பினர். கிரக பலனைப் பற்றிய நம் நாட்டு நம்பிக்கையை ஒத்ததே அது. 1743-ஆம் வருஷத்தில் இத்தாலியில் பரவிய சளி ஜுரத்தைப் பற்றிய செய்திகளோடு இச்சொல்லும் இங்கிலாந்துக்குச் சென்றது. பின்னர் பேச்சு வழக்கில் அது தலையும் வாலும் இழந்து "ப்ளூ" என்று குறுகிற்று. ராபர்ட் சதே என்னும் ஆங்கிலக் கவிஞர் 1839-இல் எழுதிய கடிதமொன்றில் இக்குறுக்கம் காணப்படுகின்றது. இவ்வாறு ஜோதிடத்தில் பிறந்த சொல்லே இன்று நுண்கிருமியொன்றின் பெயராக நிலைத்துவிட்டது.

இங்கே நம் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று கூறவேண்டும். "ப்ளூ" என்பதற்குக் "காய்ச்சல்" என்று நாம் எழுதுவது மனிதருக்கு வரும் நோயைக் குறிக்கையில் ஒருவாறு பொருந்தும். கோழிக்குப் பொருந்துவது அரிது. பறவைக் காய்ச்சல் என்றால் கோழியின் உடம்பு சுடும், அது சில நாட்கள் சோர்ந்து கிடக்கும், பிறகு தேறும் அல்லது சாகும் என்று குடியானவர் எதிர்பார்க்கிறார். உண்மையோ வேறு. இந்நோயின் கடுமையான வகை தாக்கினால், மாலையில் தீனி தின்ற கோழிகள் காலையில் செத்துக் கிடப்பதே பெரும்பாலும் முதல் அறிகுறியாகும். கொண்டையும் தாடியும் நீலம் பாய்தல், தலையும் முகமும் வீங்குதல், கால்களில் இரத்தம் கன்றிய புள்ளிகள் தோன்றுதல், முட்டை திடீரெனக் குறைதல் ஆகியவையும் காணப்படலாம். இவற்றில் எதையும் "காய்ச்சல்" என்னும் சொல் நினைவூட்டுவதில்லை. பெயரை மாற்றுதல் இனி இயலாது. அது நாவில் பழகிவிட்டது. பெயரைக் கொண்டு நோயை அடையாளங் காண முயலலாகாது என்பதே நாம் கொள்ளவேண்டுவது.

"பேர்ட் ப்ளூ" என்னும் பெயர் புதிதாயினும் நோய் புதிதன்று. 1878-இல் வட இத்தாலியில் பெரோன்சிதோ என்னும் பண்டிதர், கோழிகளைப் பெருவாரியாக அழித்த ஒரு வியாதியை வருணித்து எழுதினார். அதனை ஆங்கிலத்தில் "பவுல் பிளேக்" என்று நெடுங்காலம் வழங்கினர். "கோழிக் கொள்ளைநோய்" என்பது அதற்குச் சரியான தமிழாகும். "பவுல்" என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் எல்லாப் பறவைகளையும் குறித்து, நாளடைவில் கோழியையே சிறப்பாகக் குறிப்பதாயிற்று. 1901-இல் பாக்டீரியங்களைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் இந்நோய்க்கிருமி கடந்து செல்லும் என்று இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். அதாவது, இது இன்று நாம் வைரஸ் என்னும் வகையைச் சேர்ந்தது. ஆயினும் இதற்கும் மனிதரின் இன்ப்ளுயன்ஸாவுக்கும் உள்ள உறவு வெளிப்பட மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1955-இல் ஜெர்மனியில் வெர்னர் ஷேபர் என்பவர், கோழிக் கொள்ளைநோயின் கிருமி இன்ப்ளுயன்ஸா "ஏ" வகையைச் சேர்ந்ததே என்று நிறுவினார். அதன் பின்னரே "பறவை இன்ப்ளுயன்ஸா" என்னும் பெயருக்கு ஆதாரம் கிடைத்தது. 1981-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் நகரில் கூடிய சர்வதேச மாநாட்டில் "பவுல் பிளேக்" என்னும் பழம்பெயரை விடுத்து, "கடும் நோயூக்கமுள்ள பறவை இன்ப்ளுயன்ஸா" என்னும் பொருள்பட்ட நீண்ட பெயரை ஏற்றனர். ஜெர்மானியர் மட்டும் தம் மொழியில் இன்றளவும் "கொள்ளைநோய்" என்றே சொல்லி வருகின்றனர்.

விஞ்ஞானிகள் வைத்த நீண்ட பெயரைப் பொதுஜனங்கள் நாவில் ஏற்கவில்லை. 1997-இல் ஹாங்காங் நகரில் கோழிகளிடமிருந்து 18 மனிதருக்கு நோய் தொற்றி, அவர்களுள் 6 பேர் மாண்டனர். அவ்வருஷம் டிசம்பர் கடைசியில் அந்நகரத்துக் கோழிகள் அனைத்தையும், பத்து லட்சத்துக்கு மேற்பட்டவற்றை, சில நாட்களுக்குள் அழித்தனர். அப்போது பத்திரிகைகள் தலைப்பில் அடங்கத்தக்கதாகப் பயன்படுத்திய "பேர்ட் ப்ளூ" என்னும் ஈரசைப் பெயரே உலகெங்கும் பரவிற்று. ஆகையால், அப்பெயர் பரவும்போதே மனிதரின் மரணத்தோடு பிணைந்து பரவிற்று. நம்மிடையே அது கேட்டவுடன் அச்சத்தை விளைப்பதற்குக் காரணம் இதுவே.

இன்றைய ஆங்கில வழக்கில் "பேர்ட் ப்ளூ" என்பது மூன்று பொருள்களில் வருகின்றது. பறவைகளுக்கு வரும் நோயையும் அது குறிக்கும். அந்நோயின் கிருமியையும் குறிக்கும். அக்கிருமி மனிதரையோ வேறு பிராணியையோ தொற்றினால் அவர்களுக்கு உண்டாகும் நோயையும் குறிக்கும். "கேரளத்தில் பேர்ட் ப்ளூ" என்று தலைப்பிட்டால் அது வாத்துகளைப் பற்றியதாக இருக்கலாம். "ஒருவருக்குப் பேர்ட் ப்ளூ" என்றால் அது மனிதரைப் பற்றியது. பத்திரிகை படிப்பவர் எவருக்கு நோய் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும். இந்தியாவில் எச்5என்1 என்னும் கிருமியால் மனிதர் ஒருவர் இறந்ததாக முதன்முதலில் உறுதி செய்யப்பட்டது 2021-ஆம் வருஷத்தில்தான். பறவைகளிலோ அது 2006-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்திலேயே மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் ஜில்லாவிலுள்ள நவாப்பூரில் வெளிப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் பல பாகங்களில் பலமுறை கோழிகளும் வாத்துகளும் அழிக்கப்பட்டன.

இனி, மிகுதியாகத் தவறாகக் கொள்ளப்படும் சொல்லுக்கு வருவோம். சுற்றறிக்கைகளில் "எச்.பி.ஏ.ஐ." என்றும் "எல்.பி.ஏ.ஐ." என்றும் ஆங்கில முதலெழுத்துக் குறுக்கங்கள் வரும். முன்னது கடும் நோயூக்கமுள்ள வகை. பின்னது குறைந்த நோயூக்கமுள்ள வகை. "கடும்" என்றதும் மனிதருக்குக் கடுமை என்று பலர், படித்தவர்கள் உட்பட, நினைக்கின்றனர். அது முற்றிலும் பிழை. இக்கடுமையை அளக்கும் தராசு கோழியே. கிருமியை 4 முதல் 8 வாரம் வயதுள்ள கோழிகளின் இரத்தக்குழாயில் செலுத்திச் சோதிக்கையில் நூற்றுக்கு 75-க்குக் குறையாமல் மடிந்தால் அது கடும் வகை. எச்5, எச்7 என்னும் இனங்களில் கிருமியின் நுண்ணமைப்பைச் சோதித்தும் இதனைத் தீர்மானிப்பதுண்டு. மனிதருக்கு என்ன நேரும் என்பது இச்சோதனையில் அடங்காது.

இதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 2013-இல் சீனாவில் தோன்றிய எச்7என்9 என்னும் கிருமி, தோன்றிய காலத்தில் கோழிகளை ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. ஆகவே அது "குறைந்த நோயூக்க" வகையில் வைக்கப்பட்டது. ஆனால், அடுத்த சில வருஷங்களில் அது 1,500-க்கு மேற்பட்ட மனிதரைப் பீடித்து 600-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. மாறாக, எச்5என்8 என்பது பறவைகளுக்குக் கடும் வகை. 2014-க்குப் பிறகு அது பல நாடுகளில் பண்ணைகளை அழித்தது; 2020-ஆம் வருஷக் கடைசியிலும் 2021-ஆம் வருஷ ஆரம்பத்திலும் ஆலப்புழை, கோட்டயம் ஜில்லாக்களின் வாத்துகளில் கண்டதும் அதுவே. அதே சமயத்தில் ருஷ்யாவில் ஒரு பண்ணையின் தொழிலாளர் எழுவரிடத்தில் அக்கிருமி காணப்பட்டதாயினும் அவர்களுக்குப் பெருந்தொல்லை ஒன்றும் விளையவில்லை. ஆகவே, "கடும்" என்று கண்டு மனிதர் அஞ்சுவதும், "குறைந்த" என்று கண்டு முகமூடியும் கையுறையும் இன்றிச் செத்த கோழிகளைக் கையாளுவதும் ஒருங்கே தவறாகும்.

எச்5என்1 முதலிய குறிகளைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. கிருமியின் மேற்புறத்தில் இரண்டு வகைப் புரதங்கள் முட்களைப்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றுக்கு "எச்" என்றும் மற்றொன்றுக்கு "என்" என்றும் பெயர். பறவைகளில் "எச்" 16 வகையாகவும் "என்" 9 வகையாகவும் நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளன. எந்த "எச்" எந்த "என்" உடன் சேர்ந்திருக்கிறது என்பதையே அக்குறி சொல்லும். அது சர்வே நம்பரைப் போன்றது. ஆனால் உட்பிரிவு நம்பர் இல்லாத சர்வே நம்பர். 1959-இல் ஸ்காட்லாந்தில் கோழிகளில் கண்ட கிருமியும் எச்5என்1. 1996-இல் சீனாவின் குவாங்டுங் மாகாணத்தில் ஒரு வாத்தினப் பறவையில் கண்டு, இன்று உலகெங்கும் பரவியிருப்பதும் எச்5என்1. இரண்டும் ஒரே குறியாயினும் ஒரே கிருமியன்று. இக்காரணத்தால் விஞ்ஞானிகள் முழுப்பெயர் எழுதும்போது வகை, பறவை, இடம், வரிசை எண், வருஷம் ஆகியவற்றை முறையே எழுதிக் கடைசியில் குறியை அமைப்பர். பத்திரமொன்றில் சொத்தின் நான்கெல்லை எழுதுவது போன்றதே இதுவும்.

எல்.பி.ஏ.ஐ. வகையைப் பற்றி வர்த்தக முறையில் முட்டைக்கோழி வளர்ப்போர் தனியே கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. எச்9என்2 என்பது அவ்வகையைச் சேர்ந்தது. கோழிகள் மொத்தமாக மடிவதில்லை. முட்டை குறையும், மூச்சுத் திணறும், வேறு வியாதிகள் கூடச் சேர்ந்தால் சேதம் மிகும். போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கெனத் தடுப்பு மருந்து கண்டுபிடிக்கப்பட்டு, உபயோகிக்க அனுமதியும் தரப்பட்டுள்ளது. இதனையும் பேச்சு வழக்கில் "பேர்ட் ப்ளூ தடுப்பூசி" என்றே சொல்வர். சொல்லளவில் பிழையில்லை, எச்9என்2-வும் பறவை இன்ப்ளுயன்ஸாவே. ஆயினும், அவ்வூசி போட்ட பண்ணைக்கு எச்5 வராது என்று ஒருவர் நம்புவாராயின், பொதுப்பெயர் அவரை ஏமாற்றிவிட்டது என்றே கூறவேண்டும். எச்9-க்கு இட்ட ஊசி எச்5-ஐத் தடுக்காது. வெள்ளைக் கழிச்சலுக்கு இட்ட ஊசியும் தடுக்காது.

வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோயின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1927-ஆம் வருஷத்தையொட்டி இங்கிலாந்தில் நியூகாசில் நகரருகேயும், நம் நாட்டில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட்டிலும் அது அடையாளங் காணப்பட்டது. கோழிக் கொள்ளைநோயைப் போலவே கொன்றமையால் ஆங்கிலத்தில் அதற்குப் "போலிக் கொள்ளைநோய்" என்னும் பெயரும் உண்டாயிற்று. போலி என்பது பெயரில் மட்டுமே, சேதத்தில் அன்று. பசுமை கலந்த வெண்ணிறக் கழிச்சல், கழுத்துத் திருகல், கால் இறக்கை முடக்கம் ஆகியவை ராணிக்கெட்டில் மிகுதி எனினும், கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட எவராலும் இயலாது. கைதேர்ந்த கால்நடை வைத்தியரும் பரிசோதனைச்சாலையின் முடிவுக்கே காத்திருப்பர். "ஆடிக்கு ஆடி வரும் கழிச்சல்தானே" என்று செத்த கோழிகளை வாய்க்காலில் எறிவதால் வரும் கேடு இதனால் விளங்கும்.

"பேர்ட்" என்னும் முற்பாதிக்கும் சிறிது விளக்கம் வேண்டும். நம் கிராமங்களில் சிலர் இந்நோயைக் "கோழிக் காய்ச்சல்" என்பர். கோழி இதில் பிந்தி வந்த பிராணியேயாகும். இக்கிருமிகளுக்கு இயற்கையான இருப்பிடம் காட்டுவாத்து முதலிய நீர்ப்பறவைகள். அவற்றின் குடலில் பெரும்பாலும் துன்பமின்றித் தங்கி, எச்சத்தின் வழியே நீரில் கலக்கும். வீட்டு வாத்துகளும் சில சமயங்களில் நோய்க்குறி இல்லாமலே கிருமியைப் பரப்பக்கூடும். 2014-இல் குட்டநாட்டில் நேர்ந்ததுபோல் வேறு சில சமயங்களில் ஆயிரக்கணக்கில் மடிவதும் உண்டு. அறுவடையான வயல்களில் மேய்ச்சல் வாத்துகளை இறக்க இடங்கொடுக்கும் நிலச்சுவான்தார்கள் இதனைக் கருதவேண்டும். சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்கு உணவாகின்றன, வயலுக்கு எருவும் கிடைக்கின்றது. இது பழைமையான, நல்ல ஏற்பாடே. ஆனால், அண்டை ஜில்லாவில் நோய் கண்டிருக்கையில், மந்தை எங்கிருந்து வருகின்றது, வழியில் மடிவு உண்டாயிற்றா என்று விசாரியாமல் இறக்குதலும், அவ்வயல் நீரிலேயே வீட்டுக் கோழிகளை விடுதலும் தகாது.

மேலும், இன்று அப்பெயர் பறவையையும் கடந்துவிட்டது. 2024-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் டெக்ஸஸ், கான்ஸஸ் பிரதேசங்களில் கறவை மாடுகளிடத்தில் எச்5என்1 கண்டுபிடிக்கப்பட்டது. மடியில் கிருமி பெருகிப் பால் கெட்டியாகிக் குறைந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் "பசுக்களில் பேர்ட் ப்ளூ" என்று எழுதின. பசுவுக்குப் பறவை நோய் என்பது விநோதமான வழக்கே. அந்நாட்டு மாட்டு வைத்தியர் சங்கத்தார் வேறு பெயர் வேண்டுமென்று கூறியும் பழைய பெயரே நின்றது. 2009-இல் "பன்றிக் காய்ச்சல்" என்னும் பெயர் பரவியபோது எகிப்து நாட்டில் பன்றிகளைத் திரளாக அழித்தனர்; அந்நோயோ மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்தது. மனிதருக்கு வரும் புதிய நோய்களுக்குப் பிராணிகளின் பெயரை வைக்கலாகாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் யோசனை கூறியதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

பெயரினால் நேரும் நஷ்டத்தை நம் நாடும் அறியும். 2006-இல் நவாப்பூர்ச் செய்தி வந்தவுடன், நோய் எட்டிப்பாராத ஜில்லாக்களிலும் கோழிக்கும் முட்டைக்கும் விலை சரிந்தது. நாமக்கல் போன்று முட்டையையே நம்பியுள்ள ஊர்களுக்கு ஒவ்வொரு முறையும் இச்சங்கடம் உண்டு. நன்றாக வெந்த இறைச்சியிலும் முட்டையிலும், அதாவது உட்பாகம் முழுவதும் 70 டிகிரி சென்டிகிரேட் சூடு ஏறினால், கிருமி உயிர்த்திராது. நம் வீட்டுக் குழம்பு அதைவிட அதிகமாகவே கொதிக்கின்றது. அபாயம் உண்பவருக்கன்று, நோயுற்ற கோழியை அறுத்து, இறகு பறித்து, குடல் அகற்றுபவருக்கே.

சர்க்கார் உத்தரவுகளில் வரும் ஏனைய சொற்களையும் சுருக்கமாகக் கூறலாம். "சந்தேகத்துக்குரியது" என்றால் மடிவு கண்டிருக்கிறது, மாதிரிகள் அனுப்பப்பட்டுள்ளன என்பதே பொருள். "உறுதி செய்யப்பட்டது" என்பது போபால் நிலையத்தின் முடிவு வந்த பின்னரே உரியது. "தொற்றுப் பிரதேசம்" என்பது நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர். அதற்குள் பறவைகள் அழிக்கப்படும். "கண்காணிப்புப் பிரதேசம்" என்பது 10 கிலோமீட்டர் வரையிலானது. அங்கே சோதனையும் போக்குவரத்துக் கட்டுப்பாடும் உண்டு. இரண்டாவதில் தம் ஊர் சேர்ந்துவிட்டது என்று கேட்டவுடன் தம் கோழிகளையும் கொன்றுவிடுவர் எனக் கருதி, இரவோடிரவாக அவற்றை வேற்றூருக்கு ஏற்றிவிடுவோர் உளர். நோய் பரவுவதற்கு இதைவிடச் சுலபமான வழி வேறில்லை. உத்தரவின்படி அழிக்கப்படும் பறவைகளுக்கு நஷ்டஈடு வழங்கும் ஏற்பாடு இருப்பதால், பறவைகளின் தொகையை மறையாமல் குறித்து வைத்திருப்பதே உடையவருக்கு லாபம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. 2009-ஆம் வருஷத்திய விலங்குத் தொற்றுநோய்ச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, அட்டவணையில் கண்ட நோய் தம் பிராணிகளுக்கு உண்டென்று நம்பக் காரணமுள்ளவர் அதனைக் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிப் பொறுப்பாளருக்கோ தெரிவிக்கவேண்டும். அவர் அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு எழுத்து மூலம் அறிவிக்கலாம். அவ்வாறு எழுதும்போது "எங்கள் கிராமத்தில் பேர்ட் ப்ளூ" என்று எழுதலாகாது. அது முடிவாகாத ஒன்றை முடிவாகச் சொல்வதாகும். வெளியே பரவினால் ஊரார் அனைவருக்கும் நஷ்டம். "ஒன்றுமில்லை, வழக்கமான கழிச்சல்" என்றும் எழுதலாகாது, அதுவும் முடிவாகாததே. நோயின் பெயரை விட்டு, கண்டதை மட்டும் எழுதுதல் வேண்டும்: இன்ன தெருவில், இன்ன தேதி முதல், இன்ன இனத்துப் பறவைகள் இத்தனையில் இத்தனை மடிந்தன, கடைசியாக இன்ன ஊசி இன்ன மாதம் போடப்பட்டது, காக்கை, கொக்கு முதலிய காட்டுப் பறவைகள் செத்துக் கிடந்தனவா, இல்லையா, சமீபத்தில் வெளியூர் வாத்து மந்தையோ, கோழி வண்டியோ, சந்தையில் வாங்கிய பறவையோ வந்ததா, செத்தவை இப்போது எங்கே உள்ளன. கடைசி விவரத்தைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். மாதிரி எடுக்க வரும் வைத்தியர் முதலில் கேட்பது அதுவே.